ஊருக்கு ஒரு பழைய மினி டிராக்டர்: ஸ்வராஜா, குபோட்டாவா, ஜிவோவா?

சிங்கப்பூர் தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு காவிரி டெல்டாக்காரர்கள் கூடினால், பேச்சு தேங்காய் விலையில் தொடங்கி, ஆள் கிடைக்காத கதையில் புகுந்து, கடைசியில் டிராக்டரில் வந்து நிற்கும். "பழைய சின்ன வண்டி ஒன்று வாங்கிப் போட்டுவிடலாமா?" என்று கேட்பவர்கள் இப்போது அதிகம். நான் வாங்கிவிட்டேன் என்பதால் என்னிடமும் கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருப்பதை இங்கே எழுதிவைக்கிறேன். முடிவு இதுதான்: மனம் விரும்பியது குபோட்டா, வாங்கியது மகிந்திரா ஜிவோ 245.

எங்கள் நிலம் பேராவூரணிப் பக்கம். தென்னை இரண்டு ஏக்கர், அதை ஒட்டி ஒரு ஏக்கருக்கும் குறைவான நஞ்சை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் தோப்பில் பாதியைச் சாய்த்துவிட்டது. திரும்ப வைத்த கன்றுகளுக்கு இடையே வாழையும் உளுந்தும் போடுகிறோம். இருபத்தைந்தடி இடைவெளியில் தென்னை மட்டும் நின்றால் பெரிய டிராக்டரே தாராளமாகப் போய்வரும். நடுவில் வாழை வந்துவிட்டால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. வாடகைக்கு வரும் 45, 50 குதிரைத்திறன் வண்டி, மண்ணைக் கிளறும் அகல ரொட்டவேட்டரோடு நுழைந்து திரும்பினால், சொட்டுநீர்க் குழாய் ஓரிடத்திலாவது அறுந்திருக்கும். நஞ்சைக்கு வேறு தொல்லை. நாங்கள் கல்லணைக் கால்வாயின் கடைமடை. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்தாலும் எங்களுக்குத் தண்ணீர் கடைசியாகத்தான் வந்து சேரும். வந்த உடனே ஊர் முழுவதும் உழவு வேண்டும் என்று நிற்கும்போது, முக்கால் ஏக்கர்காரன் வீட்டுக்கு வாடகை வண்டி எப்போது வரும்?

ஒரு ஏக்கருக்குள் நிலம் உள்ளவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம். உழவன் செயலி வழியாக வேளாண் பொறியியல் துறையின் டிராக்டரை வாடகைக்கு எடுத்துக்கொண்டால் போதும். சொந்த வண்டி வைத்துத் தீனி போட வேண்டியதில்லை. பவர் டில்லர் விலை குறைவு, சேற்றில் நன்றாக வேலை செய்யும். ஆனால் அதன் பின்னால் நாள் முழுவதும் நடக்கத் தெம்புள்ள ஆள் வேண்டும். எங்கள் சித்தப்பாவுக்கு வயது அறுபத்தெட்டு. "மேசி 1035 பழசு ஒன்று வாங்கு தம்பி, இருபது வருடம் உழைக்கும்" என்பது அவருடைய முதல் யோசனை. அந்த வண்டியைப் பற்றி அவர் சொல்வது உண்மைதான். ஆனால் வாழைக்குள் அது நுழையாது. குளுவாங்கில் இருக்கும் உறவினர், ஜப்பானிலிருந்து ரீகண்டிஷன் செய்து வரும் சின்ன டிராக்டர்கள் மலேசியாவில் மலிவு என்றார். அதைக் கப்பலேற்றி ஊருக்குக் கொண்டுபோவது வேலைக்காகாத பேச்சு.

ஆக, மிஞ்சியவை மூன்று.

ஸ்வராஜ் 717 பதினைந்து குதிரைத்திறன் வண்டி. ஒற்றை சிலிண்டர், முன்சக்கரங்களுக்கு விசை கிடையாது. மகிந்திராவின் யுவராஜ் 215-உம் இதே வகை. பழையதில் இவைதான் மலிவு. பிரித்தால் உள்ளே அதிகம் எதுவும் இருக்காது, பம்ப்செட் எஞ்சின் பார்க்கத் தெரிந்தவரே பார்த்துவிடுவார். ஒற்றை சிலிண்டர் என்பதால் அதிர்வு கூடுதல். அது அதன் பிறவிக் குணம். காய்ந்த தோப்பில் களை அழிக்கவும், தேங்காயை டிரெய்லரில் களத்துக்குக் கொண்டுவரவும் இது போதும். சேற்றில் நான் இதை ஓட்டிப் பார்த்ததில்லை. பக்கத்துக் காட்டுக்காரர் கேஜ் வீல் (சேற்றுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டி உழுததை வரப்பில் நின்று பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். மூலையில் திரும்பும்போது முன்பக்கம் தூக்கிக்கொண்டு கொஞ்சம் திணறியது. வயல் இல்லாத, தோப்பு மட்டும் உள்ளவர் என்றால் நான் இதையே வாங்கச் சொல்வேன்.

குபோட்டா நியோஸ்டார் பி2441-ஐப் பற்றி நடுநிலையாக எழுதுவது எனக்குக் கடினம். துவாஸ் கப்பல் பட்டறையில் டீசல் எஞ்சின்களோடு காலம் தள்ளுபவன் நான். குபோட்டாவின் சின்ன மூன்று சிலிண்டர் எஞ்சின்களை ஜெனரேட்டரிலும் விளக்குக் கோபுரத்திலும் பார்த்துப் பழகியவன். வெயிலிலும் மழையிலும் இரவு முழுவதும் ஒரே சீராக ஓடும், சத்தமும் குறைவு. பி2441 இருபத்து நான்கு குதிரைத்திறன், நான்கு சக்கர இயக்கம், ஒடுக்கமான உடல். திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த நாசிக் பக்கம் இந்த வகை வண்டிக்கு நல்ல பெயர் இருப்பதில் வியப்பில்லை. பட்டுக்கோட்டைக்கு அப்பால் ஒருவர் விற்கிறார் என்று கேள்விப்பட்டு, விடுமுறையில் போனபோது ஓட்டிப் பார்த்தேன். இறங்க மனம் வரவில்லை.

ஜிவோ 245-உம் இருபத்து நான்கு குதிரைத்திறன்தான், நான்கு சக்கர இயக்கம்தான். 2017-இல் சந்தைக்கு வந்தது. இரண்டு சிலிண்டர், நேரடி டீசல் பீய்ச்சல். பின்னால் தூக்கும் திறன் 750 கிலோ. நான்கடி ரொட்டவேட்டரை மாட்டிக்கொண்டு வாழை வரிசைக்குள் போய்வருகிறது. எஞ்சின் ஓட்டத்தின் மென்மையில் குபோட்டாவுக்கு அடுத்த இடம்தான் தருவேன். காகிதத்தில் மற்றதெல்லாம் ஏறக்குறைய சமம். பிறகு ஏன் இது?

நான் அங்கே இல்லை என்பதால்.

வாங்குகிறவர் ஊரிலேயே இருந்தால், எது நல்ல எஞ்சின் என்று பார்த்து வாங்கலாம். நம்மைப் போல் மாதச் சம்பளத்துக்கு இங்கே இருந்துகொண்டு, ஆண்டுக்கு ஒருமுறை திருச்சி விமானத்தில் போய் இறங்குபவர்கள் பார்க்க வேண்டியது வேறு. வண்டி நின்றால், நாம் இல்லாமலே அதை யார் ஓட வைப்பார்? கப்பல் எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த என் கை மூவாயிரம் கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. அங்கே இருப்பது சித்தப்பாவும், வண்டி ஓட்டும் பையனும், டிவிஎஸ் 50-இல் சாவிப் பையோடு வரும் மெக்கானிக் ஒருவரும். அந்த மூவருக்கும் கைவராத வண்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் எனக்கு உதவாது.

ஆகவே வண்டியைத் தேடுவதற்கு முன்னால் மெக்கானிக்கைத் தேடினேன். பேராவூரணியிலும் சுற்றியும் உள்ள பட்டறைகளில் சித்தப்பாவை விட்டு ஒரே கேள்வி கேட்கச் சொன்னேன்: இந்த மூன்றில் எதன் கிளட்சைக் கழற்றி மாட்டியிருக்கிறீர்கள்? ஸ்வராஜுக்கு எல்லோரும் கை தூக்கினார்கள். ஜிவோவைச் செய்தவர்கள் இருந்தார்கள். அதன் வடிகட்டி, கிளட்ச் பிளேட், சீல் எல்லாம் பஸ் தூரத்துக் கடைகளிலேயே கிடைக்கும் என்றார்கள். குபோட்டாவின் நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் டெல்டாவுக்கு நன்கு பழக்கம். ஆனால் அதன் மினி டிராக்டரைப் பிரித்துப் பார்த்த கை எங்கள் சுற்றுவட்டாரத்தில் அகப்படவில்லை. இதில் வண்டியின் குறை எதுவும் இல்லை. தஞ்சாவூருக்குப் பக்கத்தில் நிலம் வைத்திருப்பவருக்கு விடை வேறாக வரலாம். 2022-இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் எஸ்கார்ட்ஸ் குபோட்டா ஆகிவிட்டதால் நாளை எங்கள் பக்கமும் நிலைமை மாறலாம். நான் வாங்கிய நேரத்தில் மாறியிருக்கவில்லை.

பராமரிப்பு என்றதும் பலரும் எஞ்சின் ஆயிலை நினைக்கிறார்கள். ஆயிலை யாரும் மறப்பதில்லை. மறப்பது ரேடியேட்டரை. எங்கள் பக்கம் கடல் தொலைவில் இல்லை, ஆழ்குழாய்த் தண்ணீரில் உப்பு உண்டு. வேலைக்கு நடுவில் தண்ணீர் குறைந்தால் கைக்கு எட்டிய குழாயில் பிடித்து ஊற்றிவிடுவார்கள். கொஞ்ச நாளில் மூடியின் உள்விளிம்பில் வெள்ளைப் பொருக்கு கட்டும். உள்ளே மெல்லிய குழாய்களிலும் அதுதான் கட்டியிருக்கும். மினி டிராக்டரின் ரேடியேட்டர் சின்னது, இந்த அடைப்பைத் தாங்காது. கலந்து வைத்த கூலண்ட் கேன் ஒன்றை இருக்கைக்கு அடியிலேயே கட்டிவைத்திருக்கிறோம். ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள வலையை, உளுந்துச் செத்தை அடையும் நாட்களில், மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒருமுறை தட்டிவிட வேண்டும்.

நான்கு சக்கர இயக்கத்துக்கு என்று தனிக் கவனம் ஒன்று உண்டு. தார்ச் சாலையில் ஏறியதும் முன்சக்கர விசையை எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் ஓட்டினால் முன் டயர் தேயும், பல்சக்கரமும் வீணாகும். டயர் மாற்றும்போது கடைக்காரர் "இதுவும் பொருந்தும்" என்று வேறு அளவைத் தருவார்; வாங்கக் கூடாது. முன்பின் சக்கரங்களின் சுற்று விகிதம் கணக்குப் போட்டு வைத்தது.

பழைய வண்டியில் பார்க்க வேண்டியதும் இந்த முன் அச்சைத்தான். சேற்றில் உழுத வண்டியில் சீல் தேய்ந்து தண்ணீர் உள்ளே போயிருக்கலாம். அடித் திருகைத் தளர்த்திக் கொஞ்சம் ஆயிலை விரலில் எடுத்துக் காட்டச் சொன்னேன். நான் பார்த்த முதல் ஜிவோவில் அது, தண்ணீர் கலந்து, தே தாரிக் என்னும் பால் தேநீரின் நிறத்தில் வந்தது. அத்தோடு அந்த வண்டியை விட்டுவிட்டோம். இதையெல்லாம் வீடியோ அழைப்பிலேயே செய்யலாம். அங்கே காலை ஆறு மணி என்றால் இங்கே எட்டரை. விற்பவர் எழுந்து வண்டியைச் சூடாக்கிவைப்பதற்கு முன்னால் ஆள் போய் நிற்க வேண்டும். முதலில் எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குளிர்ந்திருந்தால்தான் கிளப்பிப் பார்ப்பதில் பொருள் உண்டு. நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. ரொட்டவேட்டரைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். தரையில் உட்கார்ந்திருந்தால் ஹைட்ராலிக்கில் செலவு காத்திருக்கிறது. மணி மீட்டரில் எண்ணூறு மணி நேரம் என்றிருக்கும், கிளட்ச் பெடலின் ரப்பரோ வரிகள் தேய்ந்து மொழுமொழுவென்று இருக்கும். நான் ரப்பரைத்தான் நம்புவேன்.

சேற்றுழவில் எங்கள் ஜிவோவைப் பார்த்தது இதுவரை ஒரு போகம்தான். கேஜ் வீலோடு நன்றாகவே போனது. ஆழச் சேறு உள்ள வயலுக்கு இதே சொல்லைத் தர மாட்டேன். தோப்பு உழவில் டீசல் மணிக்கு மூன்று லிட்டருக்குள் அடங்குகிறது. பாரம் ஏற்றுவதில் அளவு வேண்டும்: வண்டியின் சொந்த எடை குறைவு, நிறைந்த டிரெய்லர் இறக்கத்தில் பின்னாலிருந்து தள்ளும்.

மறுவிற்பனையைப் பற்றி இங்கே எல்லோரும் கவலைப்படுகிறார்கள். பத்து ஆண்டு சிஓஇ-யில் (சிங்கப்பூரில் கார் வைத்திருக்க வாங்கும் உரிமை) ஓடும் காரைப் பார்த்துப் பழகிய கண் நமக்கு. வண்டிக்கு வயதானால் மதிப்புப் போய்விடும் என்று நினைக்கிறோம். டிராக்டருக்குப் பதிவு பதினைந்து ஆண்டு, பிறகு புதுப்பித்து ஓட்டுகிறார்கள். விலையைத் தீர்மானிப்பது வயதைவிட ஊர். நெல் வயல் சூழ்ந்த எங்கள் பக்கம் மினி டிராக்டர் கேட்டு வருபவர் குறைவு. தோட்டப் பயிர் மிகுந்த கம்பம் பள்ளத்தாக்கிலோ பொள்ளாச்சியிலோ விற்பது எளிதாக இருக்கலாம். மூன்று வண்டிக்கும் இது பொது என்பதால் நான் இதற்கு அதிக எடை கொடுக்கவில்லை.

ஆவணங்களில் மட்டும் கறாராக இருங்கள். ஆர்சி புத்தகத்தில் வங்கி அடமானப் பதிவு இருந்தால், வங்கியின் தடையில்லாச் சான்றும் அடமானத்தை நீக்கும் படிவம் 35-உம் கைக்கு வராமல் முன்பணம் தரக் கூடாது. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. எங்கள் வண்டி சித்தப்பா பெயரில் இருக்கிறது; ஆர்டிஓ அலுவலகத்துக்கும் காப்பீட்டுக்கும் போய்வருபவர் பெயரில் இருப்பதுதான் வசதி.

2020-இல் தயாரான வண்டிக்கு மூன்று லட்சத்து இருபதாயிரம் ரூபாய் கொடுத்தோம், ரொட்டவேட்டர் தனி. இப்போது வாங்குபவர்கள் இந்த விலையை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகிவிட்டது. புதிய வண்டியின் விலை இறங்கியிருக்க, பழைய வண்டிக்காரர் மட்டும் பழைய கணக்கிலேயே பேசிக்கொண்டிருப்பார். முதலில் டீலரிடம் புதியதன் விலையை எழுதி வாங்கிக்கொண்டு போய், அதைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசச் சொல்லுங்கள்.