தொடுவாயிலிருந்து தொடங்கிய பாடம்: முல்லைத்தீவில் ஒரு புவியியல் மாலை

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமைகளில், ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர் உலகின் ஏதாவதொரு துறைமுகத்தைப் பற்றி இரண்டு மணிநேரம் விளக்கவுரை நிகழ்த்துகிறார். கட்டணம் நூறு ரூபாய். அதுவும் வரைபடப் பிரதிக்கும் தேநீருக்குமே. உயர்தரம் படிக்கும் மகளுடன் சென்ற மாதம் போயிருந்தேன். அன்றைய துறைமுகம் வெனிசுவேலாவின் எண்ணெய் நகரான மரக்கைபோ.

ஆசிரியர் எண்ணெயில் தொடங்கவில்லை. கண்ணாடி மீன்தொட்டி ஒன்றின் நடுவே குளத்துக் களிமண்ணால் அணை கட்டி, ஒரு பக்கம் நல்ல தண்ணீரும் மறுபக்கம் சொட்டு நீலம் கலந்த உப்புத் தண்ணீரும் விட்டிருந்தார். சிரட்டைத் துண்டால் அணையின் மேற்பகுதியைச் சற்றே வழித்தபோது, நீலத் தண்ணீர் மேலே பரவாமல் அடியோடு ஊர்ந்து சென்று தொட்டியின் தரையில் படிந்தது. முன்வரிசையில் இருந்த கடற்றொழிலாளர் ஒருவர், “தொடுவாய வெட்டினா உப்பு அடியால வரும் எண்டு எங்களுக்குத் தெரியாதே, மாஸ்ரர்?” என்றார். தொடுவாய் என்பது நீரேரி கடலோடு சேரும், மணல் அடைக்கும் வாய். நந்திக்கடல், நாயாறு ஆகிய எங்கள் நீரேரிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதன் பின் வரைபடம் அதிகம் தேவைப்படவில்லை.

நகரை அடுத்துள்ள மரக்கைபோ ஏரி ஏறத்தாழ 13,000 சதுர கிலோமீற்றர், அதாவது இலங்கையின் ஐந்தில் ஒரு பங்கு. ஆயினும் அதன் கடல்வாயில் குறுகலானது. அங்கே மணல்திட்டு படுத்திருந்தது. நகரின் கதை முழுவதையும் அந்த வாயிலை வைத்தே அவர் சொன்னார். 1669 இல் நகரைக் கொள்ளையிட்ட ஆங்கிலேயக் கடற்கொள்ளையன் ஹென்றி மோர்கன், வெளியேறும் வழியை ஸ்பானியக் கப்பல்கள் அடைத்து நின்றபோது தீக்கப்பலொன்றை அவற்றின் மீது ஏவித் தப்பியதும், 1823 ஜூலை 24 இல் விடுதலைப் போராட்டத் தளபதி பாடில்லாவின் கடற்படை ஏரிக்குள் வென்று வெனிசுவேலாவில் ஸ்பானிய ஆட்சியின் கடைசி நம்பிக்கையை முறித்ததும், அதே தொடுவாய்க்கு உள்ளே நடந்தவை.

பொருளாதாரப் பகுதியே அன்றைய மாலையின் சிறப்பு. எண்ணெய்க்கு முன்னர் நகரை வளர்த்தது கோப்பி என்பது எனக்குப் புதிய செய்தி. அந்தீஸ் மலைச்சரிவுகளிலும் கொலம்பியாவின் குகுத்தா பக்கத்திலும் விளைந்த கோப்பி, ஆறுகளாலும் ஏரியாலும் மரக்கைபோவுக்கு இறங்கி, ஜேர்மன் வணிக நிறுவனங்களின் கையால் கடல் கடந்தது. பின்னர் 1914 இல் மெனே கிராண்டேயில் சுமாக்கே கிணறு எண்ணெய் தந்தது. 1922 டிசெம்பரில் கிழக்குக் கரையிலுள்ள கபிமாஸில் பரோசோ கிணறு வெடித்து, நாளொன்றுக்குச் சுமார் ஒரு இலட்சம் பீப்பாய் என ஒன்பது நாட்கள் பீறிட்டது. ஆனால் பெரிய கப்பல்கள் மணல்திட்டைத் தாண்ட முடியாததால், ஆழம் குறைந்த சிறு கப்பல்களே எண்ணெயை அருபா, குராசாவ் தீவுகளின் சுத்திகரிப்பு ஆலைகளுக்குச் சுமந்தன. ஒரு நாட்டின் எண்ணெய் இன்னொரு தீவில் வேலைவாய்ப்பானதற்குத் தொடுவாயின் ஆழமும் ஒரு காரணம் என்று அவர் விளக்கிய விதம் பாடநூல் எதிலும் நான் காணாதது.

1950களில் அந்த வாயில் ஆழமாகத் தோண்டப்பட்டது. பெருங்கப்பல்கள் உள்ளே வந்தன. அவற்றோடு கடல்நீரும் வந்து, பாரத்தால் அடியில் தங்கி, அங்கே உயிர்வளியற்ற படையொன்றை உருவாக்கியது. மீன்தொட்டியின் அடியில் கிடந்த நீலத்தை ஆசிரியர் அப்போது மீண்டும் சுட்டிக்காட்டினார். 1962 இல் திறக்கப்பட்ட ஏரியின் வாயிற்பக்கத்துக்குக் குறுக்கேயுள்ள, எட்டுக் கிலோமீற்றருக்கும் மேற்பட்ட நீளமுள்ள உர்தனெத்தா பாலத்தில், இரண்டே ஆண்டுகளில் எண்ணெய்க்கப்பலொன்று மோதிச் சில பகுதிகள் விழுந்த செய்தியைக் கேட்டதும், நந்திக்கடலின் வாயிலுக்கு மேலான வட்டுவாகல் பாலத்தால் தினமும் போய்வருபவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

குறையைச் சொல்லாமல் விட முடியாது. 1976 இல் எண்ணெய்த்துறை தேசியமயமாக்கப்பட்டதற்குப் பிந்தைய கதை பத்தே நிமிடங்களில் முடிந்துவிட்டது. நூற்றாண்டுத் திருப்பத்தில் நாளுக்கு 30 இலட்சம் பீப்பாய்களைத் தொட்ட நாட்டின் உற்பத்தி 2020 இல் சுமார் 5 இலட்சமாகச் சரிந்ததும், எண்ணெயின் மேல் மிதந்த நகரத்தவர்கள் 2019 இல் மின்சாரமின்றி, பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றதும் ஒற்றை வரியாகக் கடந்தன. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய வன்னிச் சனத்துக்கு, விரிவாகச் சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். வரைபடப் பிரதியும் மங்கல். ஏரிக்கும் தரைக்கும் வேறுபாடு தெரியவில்லை, மகள் வீட்டில் நீலப் பென்சிலால் கரையை மறுபடி வரைந்தாள்.

இவற்றைத் திருத்தினால் இந்த மாலைகளுக்கு நூறு ரூபாய் மிகக் குறைவு. உயர்தர மாணவர்களை மட்டுமன்றி, கடற்றொழில் செய்பவர்களையும் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். அன்று கேட்கப்பட்ட நல்ல கேள்விகள் அவர்களுடையவையே. நாலு மணிக்கு முன்னரே போய் முன்வரிசையில் அமருங்கள், பின்னால் இருந்தால் தொட்டியின் அடி தெரியாது.