டௌன்டன் ஆபி கோட்டையைக் காட்டுகிறோம் என்பவர்களிடம் பணம் கட்டுவதற்கு முன்னால்

ஒரு பிரபுக் குடும்பத்தையும் அவர்கள் வேலைக்காரர்களையும் பற்றிய பிரிட்டிஷ் டிவி தொடரான டௌன்டன் ஆபியைப் பார்த்துவிட்டு, படம்பிடித்த இடங்களை லண்டனிலிருந்து ஒரே நாளில் சுற்றிப் பார்த்துவிடலாம் என்று நினைப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். போன ஜூன் மாதம் நானும் அம்மாவும் ஆளுக்கு 115 பவுண்டு, மொத்தம் 230 பவுண்டு கொடுத்துப் போனோம். கோட்டைக்குள் கால் வைக்கவில்லை. அதன் வெளிக் கதவைக்கூட நாங்கள் பார்க்கவில்லை.

நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை. பணத்தைத் திரும்பக் கேட்டு எழுத்து மூலமாக நடவடிக்கை நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் பெயரைவிட அவர்கள் விற்கும் விதம் தெரிந்திருப்பதுதான் முக்கியம். அதே விதமாக விற்கிற இன்னும் இரண்டு மூன்று பக்கங்களை அதற்குப் பிறகு நானே பார்த்தேன்.

அம்மா திருச்சியில் சரித்திர டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா படுத்த படுக்கையாக இருந்த வருடத்தில், ராத்திரி மருந்து கொடுப்பதற்காக விழித்திருக்கும் நேரத்தில் இந்தத் தொடரைப் பார்க்க ஆரம்பித்தார். 2010 முதல் 2015 வரை வந்த ஆறு சீசனையும் முழுக்கப் பார்த்து, மறுபடி முதலிலிருந்து பார்த்தார். அவருக்குப் பிடித்தது மாடியில் இருக்கிற பிரபுக் குடும்பம் இல்லை, கீழே இருக்கிற அடுப்படிதான். சமையல்காரி மிஸஸ் பேட்மோர் தன் உதவிப் பெண் டெய்சியை விரட்டி விரட்டி வேலை வாங்குவதைப் பார்த்து, "எங்க பெரியம்மா கல்யாண சமையல்ல நின்ன மாதிரியே இருக்குடி" என்பார். லண்டனுக்கு என்னிடம் வருகிறார் என்று முடிவானதும் அவர் கேட்டது அந்தக் கோட்டை ஒன்றைத்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. டௌன்டனாகக் காட்டியது ஹாம்ப்ஷரில் இருக்கிற ஹைக்ளியர் கோட்டை. கார்னார்வன் பிரபுக்களின் வீடு அது, இன்றும் அந்தக் குடும்பம்தான் அங்கே இருக்கிறது. ஐந்தாம் கார்னார்வன் பிரபு பணம் கொடுத்துத்தான் தொல்பொருள் ஆய்வாளர் ஹோவர்ட் கார்ட்டர் எகிப்தில் தோண்டினார். 1922 நவம்பரில் பழைய எகிப்து அரசன் துட்டன்காமனின் கல்லறை கிடைத்தது. கோட்டையின் நிலவறையில் அதைப் பற்றிய கண்காட்சி இருக்கிறது. அந்தப் பாடத்தை எத்தனையோ வருடம் கரும்பலகையில் படம் போட்டு நடத்திய அம்மாவுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

நான் பார்த்த விளம்பரத்தில் இருந்தவை இவை: "கோட்டை அனுபவம்", "டௌன்டன் கிராமம்", "டௌன்டன் ரயில் நிலையம்", "மிஸஸ் பேட்மோரின் சமையலறை", "நுழைவுக் கட்டணம் அனைத்தும் சேர்த்து". கூடவே, கோட்டைக்குள் பெரிய மாடிப்படியில் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டு நிற்கிற படம். கார்டில் கட்டினால் ஆளுக்கு 129 பவுண்டு, பேங்க் டிரான்ஸ்ஃபர் செய்தால் 115. இரண்டு பேருக்கு 28 பவுண்டு மிச்சமாகிறதே என்று டிரான்ஸ்ஃபர் செய்துவிட்டேன். அதன் விலை என்ன என்று பிறகு தெரிந்தது.

இப்போது திரும்பிப் பார்த்தால் அந்த ஒரே பக்கத்தில் பொய் வரிசையாகத் தெரிகிறது. அந்தச் சமையலறை ஹைக்ளியரில் இல்லவே இல்லை. அடுப்படி, வேலைக்காரர்கள் சாப்பிடும் கூடம் எல்லாம் லண்டனில் ஈலிங் ஸ்டூடியோவில் போட்ட செட். மேலே இருக்கிற கூடம், நூலகம், சாப்பாட்டு அறை போன்றவைதான் கோட்டைக்குள்ளேயே எடுத்தவை. மாடிப்படிக் குடும்பப் படமும் அப்படித்தான்: கோட்டைக்குள் பார்வையாளர்கள் படம் எடுக்க அனுமதியே கிடையாது. அந்த ரயில் நிலையம் சசெக்ஸில் புளூபெல் ரயில் பாதையில் இருக்கிற ஹார்ஸ்டெட் கீன்ஸ். லண்டனுக்குத் தெற்கே இருக்கிறது அது. கிராமமாகக் காட்டிய பேம்ப்டனோ ஆக்ஸ்ஃபோர்டுக்கு மேற்கே. வரைபடத்தை ஒரு தடவை விரித்து மூன்று இடத்தையும் குறித்திருந்தால், ஒரே நாளில் மூன்றையும் நிதானமாகப் பார்க்க முடியாது என்று தெரிந்திருக்கும்.

காலை ஏழரைக்கு வேன் கிளம்பியது. பதினான்கு பேர். வழிகாட்டியாக வந்தவர் ஒரு சின்னப் பையன், பாவம், கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாளை வைத்துக்கொண்டு அதைப் பார்த்தே எல்லாம் சொன்னார். ரயில் நிலையத்தை "இன்று நேரம் போதாது" என்று வேன் ஏறிய அரை மணியிலேயே விட்டுவிட்டார்.

பேம்ப்டனைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. தேன் நிறக் கல்லில் கட்டிய வீடுகள், ஊர் நடுவே கூர்கோபுரத்தோடு புனித மேரி தேவாலயம். தொடரில் பிரபுவின் மூத்த மகள் மேரியும் மேத்யூவும் கல்யாணம் செய்துகொண்டது அங்கேதான், மேரியின் தங்கை எடித்தை மணமேடையில் விட்டுவிட்டு மாப்பிள்ளை போனதும் அங்கேதான். பக்கத்திலேயே மேத்யூவின் அம்மா இசபெல் கிராலியின் வீடாகக் காட்டிய வீடு. அதில் மனிதர்கள் வசிக்கிறார்கள், அதனால் வெளியே நின்று பார்த்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். ஆஸ்பத்திரியாகக் காட்டிய பழைய பள்ளிக்கூடக் கட்டிடம் இப்போது ஊர் நூலகம். எங்கள் பயணத் தாளில் "ஆஸ்பத்திரி அருங்காட்சியகம், கட்டணம் சேர்த்து" என்று போட்டிருந்தது. உள்ளே போனோம், யாரும் எங்களிடம் டிக்கெட் கேட்கவில்லை. ஊர்க்காரர்கள் பழைய படங்களை வைத்து நடத்துகிற இடம் அது. வயதான அம்மா ஒருவர் சிரித்துக்கொண்டே வரவேற்று, படப்பிடிப்பு நடந்த நாட்களில் தெருவில் மண் கொட்டித் தார் ரோட்டை மறைத்ததைச் சொல்ல ஆரம்பித்தார். அவர் பாதி சொல்லும்போதே வேன் ஹாரன். அந்த ஊரில் எங்களுக்குக் கொடுத்தது 25 நிமிடம்.

அங்கிருந்து கோட்டை என்று கிளம்பினோம். அம்மா கைப்பையிலிருந்து சீப்பு எடுத்துத் தலையை வாரிக்கொண்டார். புடவைக்கு மேல் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து வைத்தார். எத்தனை ஆசை இருந்திருந்தால் அப்படிச் செய்திருப்பார் என்று நினைத்தால் இப்போதும் தாங்கவில்லை.

வேன் ஏ34 நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு கார் பார்க்கில் நின்றது. கோட்டை கண்ணில் படவில்லை. எதிரே செங்குத்தாக ஒரு புல் மலை. "இதுதான் பீக்கன் ஹில். மேலே ஏறினால் கோட்டை முழுவதும் தெரியும். முக்கால் மணி நேரம் இருக்கிறது" என்றார் அந்தப் பையன். யாருக்கும் முதலில் புரியவில்லை. ஒருவர் கேட்டார், கோட்டைக்கு எப்போது போகிறோம் என்று. "கோட்டை அனுபவம் இதுதான். இன்று கோட்டை பொதுமக்களுக்குத் திறந்திருக்கிற நாள் இல்லை."

உண்மை அதுதான். ஹைக்ளியர் வருடம் முழுக்கத் திறந்திருக்கிற இடம் இல்லை. ஈஸ்டரை ஒட்டிச் சில நாட்கள், பிறகு முக்கியமாக ஜூலையிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை, நடுவே தனி நிகழ்ச்சிகள். நாங்கள் போன நாளில் மூடியிருக்கும் என்பது எங்களிடம் பணம் வாங்கியபோதே அவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வருடத்துத் தேதியும் கோட்டையின் சொந்த இணையதளத்தில் மாதக்கணக்கில் முன்னதாகவே போட்டிருக்கும்.

அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். மலை 261 மீட்டர் உயரம், பாதை முழுக்கப் புல்லும் சுண்ணாம்புக் கல்லும். "நீ போய்ப் பாத்துட்டு வா. போட்டோ எடுத்துட்டு வா, நான் இங்க உக்காந்திருக்கேன்" என்றார். அவர் சொன்னதற்காகத்தான் ஏறினேன்.

மேலே காற்று ஆளைத் தள்ளியது. உச்சிக்குப் பக்கத்தில் இரும்புக் கம்பி வேலிக்குள் ஒரு கல்லறை இருந்தது. பையன் தாளைப் பார்த்து "கோட்டையின் பழைய சொந்தக்காரர்" என்றார், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அது ஐந்தாம் கார்னார்வன் பிரபுவின் கல்லறை. துட்டன்காமன் கல்லறையைத் திறந்த சில மாதங்களில், 1923 ஏப்ரலில், கொசுக்கடி சீழ் பிடித்துக் கெய்ரோவில் இறந்துபோனவர். அம்மா பாடம் நடத்திய மனிதர். அவருடைய கல்லறை மலை மேலே இருக்கிறது, அம்மா கீழே கார் பார்க் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அதைச் சொல்லி அழைத்து வந்திருந்தாலாவது ஒரு நியாயம் இருந்திருக்கும்.

கோட்டை தெரிந்தது. தூரத்தில், மரங்களுக்கு நடுவே, கட்டைவிரலை நீட்டிப் பிடித்தால் நகத்துக்குள் அடங்கிவிடுகிற அளவில். போனில் பெரிதாக்கினேன், பழுப்பாக ஒரு கறை மாதிரி கலங்கி வந்தது. கீழே வந்து காட்டியபோது அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு போனைக் கண்ணருகில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "ஏம்மா, அந்த அடுப்படி எந்தப் பக்கம் இருக்கும்?" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அம்மா ஜூலை முதல் வாரத்தில் ஊருக்குத் திரும்ப டிக்கெட் போட்டிருந்தார். கோட்டை திறந்தபோது அவர் திருச்சியில் இருந்தார்.

திரும்பி வந்த அன்று இரவே நிறுவனத்துக்கு எழுதினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது: விதிமுறைகளின் கடைசியில் "கோட்டை மூடியிருக்கும் நாட்களில் வெளிப்புறக் காட்சி வழங்கப்படும்" என்று இருக்கிறதாம். போய்ப் பார்த்தேன், இருந்தது. பணம் கட்டும் பக்கத்தில் இல்லை, அடியில் வேறொரு சின்ன இணைப்புக்குள் இருந்தது. ஆனால் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, ஒரு சேவையைப் பற்றி விற்பவர் சொன்னதை நம்பி நீங்கள் வாங்கினால், அவர் சொன்னது ஒப்பந்தத்தின் பகுதியாகிவிடும். "நுழைவுக் கட்டணம் அனைத்தும் சேர்த்து" என்றும் "சமையலறை" என்றும் போட்டவர்கள் அவர்கள்தான். நல்லவேளையாக அந்த விளம்பரத்தைக் கட்டும்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன். இப்போது அந்த வரிகளை அவர்கள் மாற்றிவிட்டார்கள்.

பேங்கில் கேட்டபோது, நீங்களே ஒப்புதல் கொடுத்து அனுப்பிய பணம், வேனும் வந்திருக்கிறது, ஆகவே இது மோசடி இல்லை, உங்களுக்கும் விற்றவருக்கும் உள்ள தகராறு என்று சொல்லிவிட்டார்கள். இதே பணத்தை கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் கதையே வேறு. ஒரு பொருளோ சேவையோ 100 பவுண்டுக்கு மேல் இருந்து கிரெடிட் கார்டில் கட்டினால், 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி கார்டு கொடுத்த நிறுவனமும் சேர்ந்து பொறுப்பு. டெபிட் கார்டாக இருந்தால்கூட பேங்க் மூலம் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தை விற்றவரிடமிருந்து திருப்பி வாங்குவது, கேட்டுப் பார்க்க வழி உண்டு. டிரான்ஸ்ஃபருக்குத் தள்ளுபடி கொடுக்கிற டூர் என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். ஆளுக்கு அந்த 14 பவுண்டு தள்ளுபடி என்னிடமிருந்து அந்த இரண்டு வழியையும் பிடுங்கிக்கொண்டது.

இலவசமாக ஆலோசனை சொல்கிற சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் நுகர்வோர் உதவி எண்ணில் பேசினேன். பொறுமையாகக் கேட்டார்கள். விவரத்தை வியாபாரிகளைக் கண்காணிக்கிற அரசுத் துறையான டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்கு அனுப்புவதாகவும், நான் செய்யவேண்டியது, பணம் தராவிட்டால் வழக்குப் போடுவேன் என்று நிறுவனத்துக்கு எழுதும் வழக்குக்கு முந்தைய கடிதம் என்றும் சொன்னார்கள். அதை அனுப்பிய பிறகு 60 பவுண்டு "நல்லெண்ணமாக" தருகிறோம் என்று நிறுவனத்தார் எழுதினார்கள். நான் வாங்கவில்லை. முழுப் பணத்துக்கும் சிறு வழக்கு நீதிமன்றத்தில் ஆன்லைனில் மனு போடப்போகிறேன்.

ஹைக்ளியருக்குப் போக டூரே தேவையில்லை. கோட்டையின் சொந்தத் தளத்தில் தேதியும் நேரமும் பார்த்து முன்பதிவு செய்யுங்கள். கோடைக்காலச் சீட்டு சீக்கிரம் தீர்ந்துபோகும், அதனால் விமான டிக்கெட் போடும் முன்பே இதைப் பாருங்கள். எகிப்து கண்காட்சி எந்த டிக்கெட்டில் சேர்கிறது என்பதையும் படித்துப் பாருங்கள். லண்டன் பேடிங்டன் நிலையத்திலிருந்து நியூபரி என்ற ஊருக்கு ரயில், அங்கிருந்து ஐந்து மைல் போல டாக்சி, திரும்பி வரவும் டாக்சியை அப்போதே சொல்லி வைத்துவிடுங்கள். ஒழுங்காக நடத்துகிற டூர்காரர்களும் இருக்கிறார்கள். எந்தத் தேதியில், எத்தனை மணிக்குக் கோட்டைக்குள் நுழைகிறோம் என்று எழுத்தில் கேளுங்கள். "கோட்டை அனுபவம்", "கோட்டைக் காட்சி" என்று மழுப்பினால் பணம் கட்டாதீர்கள். சமையலறையைக் காட்டுகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவருக்கு அந்தக் கோட்டையைப் பற்றி ஒன்றும் தெரியாது, அல்லது தெரிந்தே சொல்கிறார்.

அன்று அந்த வேனில் எங்களோடு இரண்டு தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. ஒரு தாத்தா அம்மாவுக்குத் தன் பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார். இதைப் பார்க்க நேர்ந்தால், உங்கள் ரசீதையும் அன்று எடுத்த படங்களையும் அழிக்காமல் வைத்திருங்கள், சிட்டிசன்ஸ் அட்வைஸில் நீங்களும் புகார் கொடுங்கள். என் ஒருத்தியின் புகாரை அந்த நிறுவனத்தார் 60 பவுண்டில் முடித்துவிடப் பார்க்கிறார்கள். பதினான்கு பேர் புகாரை அப்படி முடிக்க முடியாது.