முகாமா, வாசற்படியா? இரண்டு கருத்தடைத் திட்டங்களின் கணக்கு

குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் எந்த அளவு பலித்தது என்று கேட்டால், நம் ஊரில் எடுத்து நீட்டப்படும் எண் பெரும்பாலும் ஒன்றுதான்: எத்தனை கருத்தடை ஆபரேஷன் நடந்தது. அதை மட்டும் வைத்துப் பார்த்தால், 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் நடந்த முகாமை மிஞ்ச ஆளில்லை. மாவட்ட ஆட்சியர் எஸ். கிருஷ்ணகுமார் முன்னின்று நடத்திய முகாம் அது. ஒரே மாதத்தில் 63 ஆயிரத்துச் சொச்சம் பேர், அதிலும் கிட்டத்தட்ட எல்லோரும் ஆண்கள். பணம், பரிசுப் பொருள், திருவிழாக் கூட்டம் என்று ஊரே களைகட்டியது.

இதற்கு எதிரே நான் வைக்க விரும்புவது வங்கதேசத்தின் மத்லப். ஆறும் வாய்க்காலும் குறுக்கே ஓடும் கிராமப்புறம். காலரா ஆராய்ச்சி நிலையம் ஒன்று அங்கே 1960களிலிருந்தே பிறப்பு, இறப்பு ஒன்று விடாமல் பதிந்து வந்தது. 1977 அக்டோபரில் 149 கிராமங்களை ஏறக்குறையப் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கருத்தடைச் சேவை வீடு தேடி வந்தது. மறுபாதியில் வழக்கமான அரசுச் சேவை மட்டும். ஒப்பிட்டுப் பார்க்க அந்த மறுபாதி இருந்ததால்தான் இன்றுவரை உலகம் மத்லபைப் பேசுகிறது.

ஆனால் மத்லப் எடுத்த எடுப்பிலேயே ஜெயிக்கவில்லை. எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடமே இதுதான். 1975இல் முதல் முயற்சி. ஊரிலேயே இருந்த வயதான பெண்களிடம் மாத்திரை அட்டைகளைக் கொடுத்து வீடு வீடாக விநியோகிக்கச் சொன்னார்கள். பயன்பாடு மளமளவென்று ஏறியது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்தது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். மாத்திரை போட்ட பெண்ணுக்குத் தலை சுற்றுகிறது, இடையில் ரத்தம் படுகிறது என்றால் யாரிடம் கேட்பாள்? அட்டையைக் கொடுத்தவருக்கும் பதில் தெரியாது. அட்டை பரணுக்குப் போய்விடும்.

இரண்டாவது முறை ஆளையே மாற்றினார்கள். படித்த, திருமணமான, தாங்களே கருத்தடை பயன்படுத்தும் 80 இளம் பெண்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வந்தார்கள். மாத்திரை ஒத்துவரவில்லையா, ஊசி இருக்கிறது. ஊசி வேண்டாமா, காப்பர் டி இருக்கிறது. ஆணுறை, ஆபரேஷன் எதுவானாலும் சரி. பக்கவிளைவு என்றால் பார்த்துக்கொள்ளப் பின்னால் கிளினிக் இருந்தது. சுமார் ஒன்றரை ஆண்டில் கருத்தடை பயன்படுத்துவோர் 7 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக உயர்ந்தார்கள். 1980களின் நடுவில் அது 45ஐ ஒட்டி இருந்தபோது, ஒப்பீட்டுப் பகுதி பதினாறிலேயே நின்றது. பிறப்புகளும் சுமார் கால்வாசி குறைந்தன.

எர்ணாகுளத்துக்கு இப்படி ஒரு மறுபாதி கிடையாது. முகாமுக்கு வந்த 63 ஆயிரம் பேரில் ஏற்கெனவே குடும்பம் நிறைந்துபோனவர்கள் எத்தனை, முகாம் இல்லாவிட்டாலும் நிறுத்தியிருப்பவர்கள் எத்தனை? ஆபரேஷன் எண்ணிக்கை இதைச் சொல்லாது. நாலு பிள்ளை பெற்ற நாற்பது வயதுக்காரரும், இரண்டு பிள்ளையோடு வந்த இருபத்தைந்து வயதுக்காரரும் பதிவேட்டில் ஒன்றுதான். தடுக்கப்பட்ட பிறப்புகளோ மலைக்கும் மடுவுக்கும்.

எர்ணாகுளம் இழுத்து வந்து செய்த முகாம் அல்ல, அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் கூட்டம் சேர்த்துக் கணக்குக் காட்டும் அந்த முறையோடு அதிகாரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நெருக்கடி நிலை காட்டியது. 1976-77இல் நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்கள், முக்கால்வாசி ஆண்களுக்கு. ஆண்களைப் பிடித்துக்கொண்டுபோய் ஆபரேஷன் செய்ய ஹரியானாவின் உட்டாவர் கிராமத்தைப் போலீஸ் சுற்றி வளைத்தது அந்த நேரத்தில்தான். அடுத்த ஆண்டு எண்ணிக்கை 10 லட்சத்துக்கும் கீழே விழுந்தது. துறையின் பெயரையே ‘குடும்ப நலம்’ என்று மாற்ற வேண்டி வந்தது. இத்தனை ஆபரேஷன் முடிக்க வேண்டும் என்ற இலக்குகளை 1996இல் அரசு கைவிட்டதாக அறிவித்த பிறகும் முகாம் போகவில்லை. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே, பயன்பாட்டில் இல்லாத ஒரு மருத்துவமனைக் கட்டடத்தில், ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார். அந்த வாரம் அந்த மாவட்ட முகாம்களுக்குப் போன பெண்களில் 13 பேர் இறந்தார்கள். முகாம்களை மூன்று ஆண்டுக்குள் நிறுத்தச் சொல்லி 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

சரி, மத்லபில் குறையே இல்லையா? உண்டு. செலவு அதிகம். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு வாசலிலும் ஆள் நிற்பதென்றால் சம்பளம் யார் கொடுப்பது? பெண்ணை வீட்டை விட்டு வெளியே வர விடாத வழக்கத்துக்கு இது தோதாகிவிடுகிறது என்றும் விமர்சனம் வந்தது. ஒப்பீட்டுப் பகுதியிலும் பின்னர் பிறப்பு குறையத்தான் செய்தது. அப்படியானால் மத்லப் சாதித்ததில் ஒரு பங்கு, பின்னால் எப்படியும் வரவிருந்ததை முன்கூட்டிக் கொண்டுவந்தது. இருந்தாலும் என் ஓட்டு வாசற்படிக்கே. இருபது ஆண்டு கழித்துப் பார்த்தபோது, சேவை கிடைத்த பகுதியில் தாய்மாரின் உடல்நிலையும் குழந்தைகள் பிழைப்பதும் மேம்பட்டிருந்தன. முகாமின் பதிவேட்டில் இதற்கெல்லாம் பத்தியே கிடையாது.

தமிழ்நாடு இந்த இரண்டில் எதிலும் முழுதாக அடங்காது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை. படிப்பும் குறைந்த சிசு மரணமும் செய்த வேலை இதில் பெரும் பங்கு. ஆனால் அதே கணக்கெடுப்பில், குழந்தை பெறும் வயதிலுள்ள மணமான பெண்களில் பாதிக்கும் மேல் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். இரண்டாவது பிரசவ வார்டிலேயே “அப்படியே பண்ணிடலாமாம்மா?” என்று கேட்டு முடித்துவிடுகிறார்கள். முதலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே மூன்று வருடம் இடைவெளி வேண்டும் என்பவளுக்கு ஊசியும் வாராந்தர மாத்திரையும் அரசு மருத்துவமனையில் இலவசம். அதை அவளிடம் எத்தனை பேர் சொல்கிறார்கள்? ஆண்களுக்கான ஆபரேஷன் இதைவிட எளிது, தையல்கூட வேண்டாம். நாடு முழுக்க எடுத்தாலும் அதைச் செய்துகொண்டவர்கள் 0.3 சதவீதம்தான்.