போர்ச்சுகீசியம் பழக எந்த நாட்டு வீடு?

ஒரு குடும்பத்தோடு தங்கிப் போர்ச்சுகீசியம் கற்கப் போகிறீர்கள் என்றால், முதலில் முடிவு செய்ய வேண்டியது நாடு. பிரேசிலா, போர்ச்சுகலா?

போய் இறங்கியதும் வித்தியாசம் காதில்தான் தெரியும். பிரேசிலில் உயிரொலிகளை வாய் திறந்து முழுதாகச் சொல்கிறார்கள். சாப்பாட்டு மேசைப் பேச்சில் கொஞ்சமாவது பிடிபட்டுவிடும். போர்ச்சுகலில் அழுத்தம் இல்லாத உயிரொலிகளை விழுங்கிவிடுவார்கள். பாடத்தில் படித்த அதே சொல், வீட்டுக்காரர் வாயில் மெய்யெழுத்துகள் மட்டும் நெருக்கியடித்துக்கொண்டு வரும். பலர் சோர்ந்துபோய் ஆங்கிலத்துக்குத் தாவுவது இங்கேதான். லிஸ்பனில் அது சுலபம். இளையவர்கள் நன்றாகவே ஆங்கிலம் பேசுகிறார்கள். பிரேசிலில், அதுவும் பெருநகரங்களுக்கு வெளியே, அந்தக் கதவு அநேகமாக மூடியே இருக்கும். கற்க வந்தவருக்கு அதைவிட நல்லது வேறில்லை.

ஆனால் போர்ச்சுகல் பேச்சுக்குக் காது பழகிவிட்டால், பிரேசில் பேச்சு சிரமமில்லாமல் புரியும். மறுதிசையில் அவ்வளவு எளிதல்ல. எழுத்துமுறையில் பெரிய சிக்கல் இல்லை, போர்ச்சுகீசியம் பேசும் நாடுகள் 1990-இல் செய்துகொண்ட எழுத்துமுறை உடன்படிக்கை அதைப் பெரும்பாலும் ஒன்றாக்கிவிட்டது.

கோயிம்பிராவிலோ போர்ட்டோவிலோ படிக்கப் போகிறவர் நேரே போர்ச்சுகலுக்கே போகட்டும். மற்றவர்களுக்கு நான் பிரேசிலைத்தான் சொல்வேன், சீக்கிரம் வாய் திறந்து பேச வரும். அப்புறம், எந்த நாடானாலும் முன்பே ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: அந்த வீட்டில் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்களா? தனித்தனியாகச் சாப்பிடும் வீடு என்றால் வேறு வீடு பாருங்கள்.