முப்படியைக் காரணிப்படுத்த எது நல்லது: தொகுமுறை வகுத்தலா, பிரித்து எழுதுவதா?

சேலம் கோரிமேட்டில் சாயங்காலம் ட்யூஷன் எடுக்கிறேன். ஒரே பாயில் இரண்டு பாடத்திட்டப் பிள்ளைகளும் உட்காருவார்கள். மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பில் முப்படி (எக்ஸின் மூன்றாம் அடுக்கு வரை போகிற கோவை) என்றாலே தொகுமுறை வகுத்தல்தான், அதாவது எண்களை மட்டும் வைத்து வகுக்கும் குறுக்குவழி. சிபிஎஸ்இ பிள்ளை நீள் வகுத்தல் போடும், இல்லையென்றால் உறுப்புகளைப் பிரித்து எழுதிப் பொதுக்காரணியை வெளியே எடுக்கும். இருவருக்கும் தனித்தனியாக நடத்த நேரமில்லை, ஏதோ ஒன்றை முதலில் சொல்லிக்கொடுத்தாக வேண்டும். நான் பிரித்து எழுதுவதைத் தேர்ந்தெடுத்தேன், இன்னும் மாற்றவில்லை. எக்ஸுக்குப் பதில் இங்கே ‘ய’ போட்டுக்கொள்கிறேன்.

முதல் படி எல்லா முறைக்கும் ஒன்றுதான், அதனால் அதில் போட்டியே இல்லை. கெழுக்களின் (உறுப்புகளின் முன்னால் நிற்கும் எண்கள், கடைசித் தனி எண்ணும் சேர்த்து) கூடுதல் பூச்சியம் என்றால் (ய − 1) ஒரு காரணி. ஒற்றைப்படி உறுப்புகளின் கெழுக்கூடுதலும், மாறிலியையும் (‘ய’ இல்லாத அந்தத் தனி எண்) சேர்த்து இரட்டைப்படி உறுப்புகளின் கெழுக்கூடுதலும் சமம் என்றால் (ய + 1). இரண்டும் இல்லையா, மாறிலியின் வகுத்திகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான். முப்படிக்குச் சூத்திரமே உண்டு, இத்தாலியர் கார்டானோ 1545லேயே அச்சில் போட்டுவிட்டார், ஆனால் பள்ளிக் கணக்கில் அது தேவைப்படாது. ஒரு நல்ல எண் மாட்டும்படிதான் கேள்வியையே தயார் செய்கிறார்கள். 8ய³ + 12ய² − 2ய − 3 மாதிரி சிலது இரண்டிரண்டாகச் சேர்த்தாலே விழுந்துவிடும், அதற்கு எந்த முறையும் வேண்டாம்.

நீள் வகுத்தலில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் கழிக்கும்போது குறி மாற்றுவதில் பாதிப் பிள்ளைகள் சறுக்குகிறார்கள், அரைப் பக்கமும் போய்விடுகிறது. அதை இதோடு விட்டுவிடுகிறேன்.

மீதி இரண்டையும் ஒரே கணக்கில் பார்ப்போம்: ய³ + 2ய² − 13ய + 10. கெழுக்களைக் கூட்டினால் பூச்சியம், ஆகவே (ய − 1) காரணி. தொகுமுறை வகுத்தலில் 1, 2, −13, 10 என்று எழுதி 1ஆல் வகுத்தால் (முதல் எண்ணை அப்படியே இறக்கி, வந்ததை 1ஆல் பெருக்கி அடுத்ததோடு கூட்டிக்கொண்டே போனால்) கீழ் வரிசையில் 1, 3, −10, 0 வரும், கடைசி எண்தான் மீதி. ஈவு ய² + 3ய − 10, அது (ய + 5)(ய − 2). மூன்றே வரி. பிரித்து எழுதினால் இப்படி:

ய³ − ய² + 3ய² − 3ய − 10ய + 10
= ய²(ய − 1) + 3ய(ய − 1) − 10(ய − 1)

முதலில் ய³ பக்கத்தில் −ய² போடுகிறோம், கேள்வியில் இருப்பதோ 2ய², அப்படியென்றால் 3ய² சேர்க்க வேண்டும். அதன் பக்கத்தில் −3ய, தேவையோ −13ய, இன்னும் −10ய வேண்டும். கடைசியில் +10 தானாகவே வந்து பொருந்துகிறது. அதே 1, 3, −10தான் இங்கேயும் வந்திருக்கிறது. உண்மையில் இரண்டும் ஒரே கணக்குதான். தொகுமுறையில் ‘ய’வை எல்லாம் உதிர்த்துவிட்டு எண்களை மட்டும் வைத்துக்கொள்கிறோம். வேகம் அங்கிருந்துதான் வருகிறது, வம்பும் அங்கிருந்துதான் வருகிறது.

என் முடிவுக்குக் காரணம் அந்த வம்புதான். தொகுமுறை போடுகிற பிள்ளை கடைசிக் கட்டத்தில் பூச்சியத்தைப் பார்த்ததும் கணக்கு சரி என்று பேனாவை மூடிவிடுகிறது. மீதி பூச்சியம் வந்தும் விடை தப்பாக இருக்கும் இடங்கள் உண்டு, அதுவும் பிள்ளைகள் அடிக்கடி போய் விழுகிற இடங்கள்.

ய³ − 7ய + 6ஐ எடுங்கள். ய² உறுப்பு இல்லை, அந்த இடத்தில் 0 போட வேண்டும். மறந்துபோய் 1, −7, 6 என்று எழுதி 1ஆல் வகுத்தால் 1, −6, 0. மீதி பூச்சியமேதான்! 1ஆல் வகுக்கும்போது மீதி என்பது கெழுக்களின் கூடுதல், அதில் ஒரு 0 விட்டுப்போனால் கூடுதல் மாறாது. பிள்ளை (ய − 1)(ய − 6) என்று எழுதிவிட்டுப் போய்விடும், முப்படிக்கு இரண்டே காரணி எப்படி வந்தது என்று யோசிக்காது. பிரித்து எழுதுகிறபோது −ய² என்று போட்ட மறுகணமே அதைச் சரிக்கட்ட +ய² எழுதியாக வேண்டும், அதனால் விட்டுப்போன உறுப்பு தானாகவே கண்ணில் படும்.

இதைவிட மோசமானது 2ய³ + 9ய² + 7ய − 6. (2ய − 1) ஒரு காரணி, மற்றவற்றைக் காண்க என்று கேள்வி. தொகுமுறையில் ½ஆல் வகுக்கிறோம்: 2, 10, 12, 0. மீதி பூச்சியம், ஈவு 2ய² + 10ய + 12. பிள்ளை (2ய − 1)(2ய² + 10ய + 12) என்று எழுதுகிறது. பெருக்கிப் பார்த்தால் 4ய³ வருகிறது! வகுத்தது (ய − ½)ஆல், எழுதியது (2ய − 1), ஆகவே ஈவை 2ஆல் வகுத்திருக்க வேண்டும். மீதி இதைக் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் பூச்சியத்தை எதால் வகுத்தாலும் பூச்சியம்தான். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு எடுக்கிறவர்கள் எடை சரியாக இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ள மாட்டார்கள், டச் (வெள்ளியின் சுத்தம்) எவ்வளவு என்றும் கேட்பார்கள். மீதியை மட்டும் பார்ப்பது எடையை மட்டும் பார்ப்பது.

அதே கணக்கைப் பிரித்தால் 2ய³ − ய² + 10ய² − 5ய + 12ய − 6, அதாவது ய²(2ய − 1) + 5ய(2ய − 1) + 6(2ய − 1). பின்னமே கிடையாது. ஈவு ய² + 5ய + 6 நேராக வந்துவிடுகிறது, (ய + 2)(ய + 3) என்று முடிந்துவிடும். காரணி ஒவ்வொரு வரியிலும் கண்ணெதிரே நிற்பதால் 2 எங்கேயும் தொலைவதில்லை.

தொகுமுறைக்கும் நியாயம் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியக் கணித அறிஞர் ருஃபினி எழுதிவைத்த வழி இது, மனிதர் மருத்துவரும்கூட. 1, −1 இரண்டும் பொருந்தாமல் 2, −2, 3 என்று வரிசையாகச் சோதிக்க வேண்டி வந்தால், அடுக்கு எல்லாம் போட்டுக் கணக்கிடுவதைவிட இந்தக் கட்டத்திலேயே சோதிப்பது சுலபம், எண் மாட்டினால் ஈவும் கையோடு கிடைத்துவிடும். நான்கு, ஐந்து படிக்குப் போனால் பிரித்து எழுதுவது நீளமாகும். பன்னிரண்டாம் வகுப்புச் சமன்பாட்டியலுக்கு அநேகமாகத் தொகுமுறையே கைகொடுக்கும் என்று நினைக்கிறேன். அந்த வகுப்புப் பிள்ளைகள் என்னிடம் அதிகம் வந்ததில்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன்.

அப்புறம், கேள்வியிலேயே ‘தொகுமுறை வகுத்தல் மூலம்’ என்று இருந்தால் அதைத்தான் போட வேண்டும், வேறு வழியில்லை. அதனால் மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைகளுக்கு அதையும் பழக்குகிறேன், கூடவே ஒரு நிபந்தனை: விடை எழுதியதும் காரணிகளின் முதல் உறுப்புகளைத் தனியாகவும் மாறிலிகளைத் தனியாகவும் பெருக்கிக் கேள்வியோடு ஒத்துப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன இரண்டு தப்பும், ய² வந்ததும் 4ய³ வந்ததும், முதல் உறுப்பிலேயே மாட்டிக்கொள்ளும்.