வயர் மெஷினா, பேட்டரி மெஷினா? வீட்டுக்கு ஒரு இம்பாக்ட் ரெஞ்ச்

எங்கள் வீடு நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில். ஒரு பழைய டிராக்டர், ஒரு சின்ன கார், இரண்டு பைக். ஜூன் 12 மேட்டூர் திறந்து, எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்ததும் சேறடிக்கும் வேலை தொடங்கிவிடும். டிராக்டரின் பின் டயர்களைக் கழற்றிச் சேற்றில் ஓடும் இரும்புச் சக்கரமான கேஜ் வீல் மாட்ட வேண்டும். குறுவை நடவு முடிந்ததும் அதைக் கழற்றி மறுபடி டயர். சம்பாவுக்கு இன்னொரு முறை இதே வேலை. பக்கத்துக்கு 8 நட்டு. சேற்றுத் தண்ணீரில் ஊறித் துருவேறிய நட்டை, வீல் ஸ்பேனரில் பைப்பைச் சொருகி அதன் மேல் ஏறி மிதித்துக் கழற்றித்தான் அப்பாவுக்கு இடுப்பு வலி வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் நான் இம்பாக்ட் ரெஞ்ச், அதாவது நட்டை அடித்துச் சுழற்றிக் கழற்றும் மெஷின், வாங்கியதற்கு அதுதான் காரணம். வாங்கியது பிளக்கில் சொருகி ஓட்டும் வயர் மெஷின். அதற்கு ஒரு வருடம் முன்பே என் மச்சான் பேட்டரி மெஷின் வாங்கியிருந்தார். இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டிய அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டும் வேலை செய்யும் விதம் ஒன்றுதான். உள்ளே சுற்றும் சுத்தியல் ஒன்று முனையை விட்டு விட்டு அடிக்கிறது. நட்டு இறுகியிருந்தாலும் கையை அவ்வளவாக முறுக்காது. அரை இஞ்ச் முனை உள்ளதாக வாங்கினால் வீட்டு வேலைக்குச் சரியாக இருக்கும். சின்ன கார்களின் வீல் நட்டை ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டரில் முறுக்குவார்கள். டிராக்டர் பின்சக்கரத்துக்கு அதைவிட நன்றாகக் கூடுதலாக வேண்டும். பெட்டியின் மேல் பெரிதாகப் போட்டிருக்கும் எண் பெரும்பாலும் கழற்றும் விசை. முறுக்கும் விசை அதைவிடக் குறைவாக இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

கையில் எடுத்ததும் தெரியும் வித்தியாசங்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பேட்டரி மெஷினை எங்கும் தூக்கிப் போகலாம், வயர் காலில் சிக்காது. வயர் மெஷின் கனம், சத்தமும் அதிகம். ஆனால் 16 நட்டையும் கழற்றி மாட்டும்வரை சார்ஜ் இருக்குமா என்று பார்க்க வேண்டியதில்லை. விலையைப் பொறுத்தவரை, நல்ல பேட்டரி மெஷின் இரண்டு பேட்டரியும் சார்ஜரும் சேர்த்து நான் கொடுத்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல் சொன்னார்கள்.

இதெல்லாம் ஒரு பக்கம். நான் முடிவெடுத்தது வேறொன்றை வைத்து. வீட்டில் இந்த மெஷின் வருடத்தில் எத்தனை நாள் ஓடும்? எங்கள் வீட்டில் எல்லாம் சேர்த்துப் பத்து நாள் இருக்கும். மிச்ச நாளெல்லாம் சும்மா கிடக்கும். அப்படிக் கிடக்கும்போது எது கெடும், கெட்டால் யார் சரிசெய்வார் என்பதுதான் கேள்வி.

மச்சான் வீட்டில் நடந்தது இது. சம்பா சேறடித்து முடிந்த அன்று மெஷின் தானாக நிற்கும்வரை ஓட்டிவிட்டு, பேட்டரியோடு அப்படியே தகரக் கொட்டகையில் மாட்டி வைத்தார். அப்புறம் அறுப்பு, கொள்முதல் நிலையத்தில் நெல்லோடு காத்திருப்பு, உளுந்து, பயறு என்று மாதங்கள் ஓடிவிட்டன. சித்திரை வெயில் முழுவதும் தகரத்தின் கீழேயே கிடந்தது பேட்டரி. ஜூனில் எடுத்துச் சார்ஜரில் வைத்தால் சிவப்பு விளக்கு சிமிட்டுகிறது, சார்ஜ் ஏறவில்லை. லித்தியம் செல் தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் இருக்கிற கொஞ்ச மின்னழுத்தமும் வடிந்து, ஏறக்குறைய இரண்டரை வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிடும். அதன் பிறகு சார்ஜர் மறுப்பது பாதுகாப்புக்காகத்தான். வற்புறுத்தி ஏற்றினால் செல் சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். வாங்கிய கடையில் பேட்டரிக்கு வாரண்டி முடிந்துவிட்டது என்றார்கள். புது பேட்டரியின் விலை மெஷின் விலையில் பாதி.

பேட்டரியைக் காப்பாற்ற வழி இல்லாமல் இல்லை. பாதி சார்ஜில், மெஷினிலிருந்து கழற்றி, வீட்டுக்குள் குளிர்ச்சியான இடத்தில் வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். அதைத் தவறாமல் செய்பவர்கள் தாராளமாகப் பேட்டரி மெஷின் வாங்கலாம். அப்படிச் செய்தாலும் லித்தியத்துக்கு வயது ஏறிக்கொண்டேதான் இருக்கும், ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும்.

வயர் மெஷினில் தேய்வது கார்பன், அதாவது சுற்றும் மோட்டாரில் உரசிக் கரண்ட் கொடுக்கும் சின்னத் துண்டு. போன ஆடியில் என்னுடையது விட்டு விட்டு ஓடியது, காற்றோட்டத் துளை வழியே பொறி பறந்தது. மன்னார்குடியில் பம்புசெட்டு மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்குக் கொண்டுபோனேன். பெரியவர் பின்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, “காயில் நல்லாத்தான் தம்பி இருக்கு, கார்பன்தான் தேஞ்சு போச்சு” என்றார். பத்து நிமிட வேலை. இரண்டு கார்பனும் மாற்றி, உள்ளே இருந்த தூசியை ஊதித் துடைத்துக் கொடுத்தார். கூலியோடு சேர்த்து இரண்டு டீ, இரண்டு வடைக்கு ஆகும் காசைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

“ஆர்மேச்சரே போனா என்னண்ணே பண்றது?” என்று கேட்டேன். மோட்டாருக்குள் காயிலோடு சுற்றும் பாகம்தான் ஆர்மேச்சர்.

“கொண்டா, கட்டித் தர்றேன். பம்பு மோட்டாரே கட்டுறோம், இதைக் கட்ட மாட்டோமா?”

நம் பக்கத்துக்கு வயர் மெஷின்தான் என்று நான் சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் கிடையாது. டெல்டாவில் ஃபில்டர் பாயிண்ட் என்கிற ஆழம் குறைந்த குழாய்க் கிணறும் பம்புசெட்டும் நிறைந்திருப்பதால், சின்ன ஊர்க் கடைத்தெருவில்கூடக் காயில் கட்டத் தெரிந்தவர் இருக்கிறார். பேட்டரியைப் பிரித்துச் செல் மாற்றிச் சமன் செய்து தருபவரை நான் தேடிய வரையில் பார்க்கவில்லை.

வயர் மெஷினுக்கும் தொல்லை உண்டு. சாயங்காலம் லோ வோல்ட்டேஜ் வந்தால் அடி குறைகிறது. 180 வோல்ட்டில் துரு நட்டு அசைய மறுக்கும். அதனால் காலையிலேயே வேலையை முடித்துவிடுவேன். மெலிந்த எக்ஸ்டென்ஷன் வயர் போட்டால் வயரிலேயே மின்னழுத்தம் இறங்கும். 30 மீட்டர் இழுப்பதாக இருந்தால் 2.5 ஸ்கொயர் எம்.எம். செப்பு வயரே போடுங்கள். ஈரத் தரையில் ஜாயிண்ட் வைக்கவே கூடாது. அந்த லைனில், கரண்ட் கசிந்தால் உடனே வெட்டிவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் நான் பிளக் சொருகுவதில்லை. சேற்றுக் காலோடு செய்கிற வேலை, இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

என் முடிவு எல்லோருக்கும் பொருந்தாது. எங்கள் வயல் கொல்லையை ஒட்டியே இருக்கிறது. வாசலிலேயே கேஜ் வீல் மாட்டி நேரே வயலில் இறக்கிவிடலாம். மச்சானுக்கு வயல் தார்ச்சாலையைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர். கேஜ் வீலோடு தார்ச்சாலையில் ஓட்டினால் சாலை பெயர்ந்துவிடும், ஓட்டவும் கூடாது. டயரில் போய் வரப்போரத்தில்தான் மாற்ற வேண்டும். அவருக்குப் பேட்டரி மெஷின்தான் சரி. புது பேட்டரி வாங்கி, இப்போது அதை வீட்டுக்குள் அலமாரியில் வைக்கிறார். வழியில் பஞ்சர் ஆனாலும் அவருடையதுதான் உதவும்.

கரண்ட் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று சிலர் கேட்கிறார்கள். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது எங்கள் பக்கம் பல நாள் கரண்ட் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் பேட்டரி மெஷினும் ஒரு சார்ஜ் தாண்டி ஓடாது. பழைய வீல் ஸ்பேனரை எறிந்துவிடாதீர்கள்.

கார்பனே இல்லாத பிரஷ்லெஸ் பேட்டரி மெஷினை இரண்டு முறைதான் கையில் பிடித்திருக்கிறேன். இழுவை நன்றாக இருந்தது. ஐந்து வருடம் கழித்து எப்படி இருக்கும் என்று சொல்லும் அளவுக்கு நான் ஓட்டவில்லை.

பேட்டரிதான் வாங்கப் போகிறீர்கள் என்றால் 48, 88, 128 என்று எண்ணுக்குப் பின்னால் ‘வி.எஃப்.’ போட்டு விற்பதை நம்பாதீர்கள். அது வோல்ட் இல்லை. உள்ளே வழக்கமாக வரிசையில் 5 செல்தான், ஒன்றுக்கு 3.6 வோல்ட் வீதம் 18, முழுச் சார்ஜில் 21. எதை வாங்கினாலும், நட்டைப் பிடிக்க முனையில் கறுப்பு நிற இம்பாக்ட் சாக்கெட்தான் போட வேண்டும். பளபளக்கும் சாதாரண சாக்கெட் அடி தாங்காமல் வெடித்துச் சிதறலாம். மாட்டும்போது மெஷினால் பாதிவரை முறுக்கிவிட்டுக் கடைசி இறுக்கத்தைக் கையால் கொடுங்கள், இல்லாவிட்டால் நட்டு ஏறும் ஸ்டட் இழுபட்டுவிடும். வயர் மெஷின் வாங்குபவர்கள் அன்றைக்கே அதற்குரிய கார்பன் இரண்டு ஜோடி கேட்டு வாங்கிப் பெட்டிக்குள் போட்டு வையுங்கள். அளவு மாடலுக்கு மாடல் மாறும், எனக்கு அந்தப் பெரியவர் வேறு அளவைத்தான் அரத்தால் ராவிப் பொருத்தினார்.