லோடு வண்டியாக எக்ஸ்.எல். 100: எது தாங்கும், எது முதலில் போகும்

டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 ஹெவி டியூட்டியை வீட்டு வண்டியாக வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பதிவு பெரிதாக உதவாது. வாட்டர் கேன், தீவன மூட்டை, பால் கேன், காய்கறிக் கூடை, பிளாஸ்டிக் குடம் என்று தினமும் லோடு அடிக்கிறவர்களுக்காக எழுதியது. மைலேஜ், விலை, கலர் எல்லாம் ஷோரூமிலேயே தெரிந்துவிடும். வருடக்கணக்கில் லோடு ஏற்றினால் எந்தப் பாகம் முதலில் கைவிடும், ஏன் கைவிடும் என்பது ஓட்டிப் பார்த்தவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும்தான் தெரியும்.

முதலில் வண்டியின் அடிப்படை. 99.7 சிசி, 4 ஸ்ட்ரோக், ஏறத்தாழ 4.3 குதிரைத்திறன், 6.5 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்குவிசை). கியர் மாற்றும் வேலை கிடையாது, சென்ட்ரிஃபியூகல் கிளட்ச் (எஞ்சின் வேகமெடுத்தால் தானாகப் பிடிப்பது), பின் சக்கரத்துக்கு செயின். இரண்டு பக்கமும் 2.50-16 டயர், 110 மி.மீ. டிரம் பிரேக். டேங்க் 4 லிட்டர். 2015-ல் வந்தது, 2020-ல் பி.எஸ். 6 புகை விதிக்காக கார்புரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் ஆனது. பழைய 69.9 சிசி எக்ஸ்.எல். சூப்பரில் ஆயில் கலந்து ஓட்டிப் பழகியவர்கள், “அந்த இழுவை இதில் இல்லை” என்பார்கள். பேப்பரில் டார்க் இதில்தான் அதிகம். இரண்டு ஸ்ட்ரோக்கின் சத்தமும் புகையும் கிளம்பும் வேகமும் சேர்ந்து அப்படி ஓர் எண்ணத்தைக் கொடுத்துவிட்டன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கம்பெனிக் கணக்கில் இந்த வகை வண்டி தாங்கும் எடை 130 கிலோ வாக்கில் வரும். இதில் ஓட்டுகிறவரின் எடையும் அடக்கம். 65 கிலோ ஆள் உட்கார்ந்தால் சரக்குக்கு மிச்சம் 65 கிலோதான். அதாவது மூன்று வாட்டர் கேன். ஐந்து, ஆறு கேனோடு போகிற வண்டிகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அவற்றில் சில ஆண்டுக்கணக்கில் தொல்லை இல்லாமல் ஓடுகின்றன, சில ஆறு மாதத்தில் பின் வீலைத் தின்றுவிடுகின்றன. இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம், எடையை எங்கே வைக்கிறோம் என்பதுதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். வண்டி 86 கிலோ. இதில் பின் சக்கரத்தில் 47 கிலோ விழுகிறது என்று வையுங்கள். 65 கிலோ ஆளில் 42 கிலோ பின்னால் இறங்கும். ஆக, சரக்கு ஏறும் முன்பே பின் டயரில் 89 கிலோ. டயரின் பக்கத்தில் 41எல் என்று போட்டிருப்பார்கள். ஒரு டயர் தாங்கும் உச்ச எடை 145 கிலோ என்று அதற்குப் பொருள். இப்போது 60 கிலோ சரக்கைப் பின் கேரியரில், ஆக்ஸிலுக்கு (சக்கரத்தின் அச்சு) ஒரு அடி பின்னால் தள்ளி வைக்கிறோம். இரண்டு சக்கரத்துக்கும் இடைத்தூரம் 1.23 மீட்டர்தான் என்பதால், 60 கிலோ சரக்கு பின் சக்கரத்தில் 75 கிலோவாக இறங்கும். முன் சக்கரத்தில் இருந்த எடையில் 15 கிலோ குறையும். பின் டயரில் மொத்தம் 164 கிலோ. அதே 60 கிலோவில் 40 கிலோவைக் காலடியில் வைத்து, 20 கிலோவை மட்டும் பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலே வைத்தால் பின் டயரில் 129 கிலோதான். முன்னாலும் 20 கிலோ கூடும். ஹேண்டில் ஆடாது, பிரேக்கும் பிடிக்கும்.

ஹேண்டிலுக்கும் சீட்டுக்கும் நடுவே தட்டையாக விட்டிருக்கும் அந்தக் காலடி இடம்தான் இந்த வண்டியின் உண்மையான பலம். டேங்க் நடுவில் நிற்கும் பைக்குகளில் இது கிடையாது. கனமானது எல்லாம் முதலில் காலடிக்கு, அகலமானதும் லேசானதும் பின்னுக்கு. ஒரே நிபந்தனை: காலடி மூட்டை ஹேண்டிலை முழுதாகத் திருப்ப விட வேண்டும். ஏற்றியதும் நின்ற இடத்திலேயே இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். ஆக்ஸிலரேட்டர் கேபிளையோ பிரேக் கேபிளையோ மூட்டை இழுத்துப் பிடித்தால், திருப்பத்தில் வண்டி தானாக வேகமெடுக்கும் அல்லது பிரேக் ஒட்டிக்கொள்ளும்.

ஏற்றும்போதும் முன்னால் முதலில், பின்னால் பிறகு. இறக்கும்போது தலைகீழ். சென்டர் ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் காலடிக் கேன்களை முதலில் எடுத்துவிட்டால், பின்பாரம் முன் சக்கரத்தைத் தூக்கி வண்டி மல்லாக்கச் சாயும். மண் தரையில் ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டு போடுங்கள். ஒரு கால் மட்டும் புதைந்தால் அத்தனையும் ஒரே பக்கம் விழும்.

கேரியர். ஹெவி டியூட்டியில் பின் சீட்டைக் கழற்றிவிடலாம், அந்த இடத்தில் வெல்டிங் பட்டறையில் கேரியர் அடிப்பது வழக்கம். 25 மி.மீ. சதுரக் குழாய், 2 மி.மீ. கனம் என்றால் மீட்டருக்குக் கிட்டத்தட்ட 1.45 கிலோ. 6 மீட்டர் குழாய் போனால் 8.7 கிலோ, எதையும் ஏற்றாமலே தினமும் சுமக்கிற எடை. இரும்பு அதிகமாகப் போட்டால் பலம் என்று பட்டறையில் சொல்வார்கள்; எங்கே மாட்டுகிறோம் என்பதில்தான் பலம். சேஸிஸ் குழாயில் நேரடியாக வெல்டிங் வைக்கவே வைக்காதீர்கள். மெல்லிய குழாயில் வெல்டிங் சூடு பட்ட ஓரம் பலவீனமாகி, சில மாதம் கழித்து அந்த விளிம்பிலேயே மயிரிழை விரிசல் விடும். பெயின்ட்டில் துருக்கோடு ஒன்று தெரிந்தால் அது விரிசல் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். போல்ட் போட்டு மாட்டுங்கள், ஸ்பிரிங் வாஷரோடு, முடிந்தால் நைலான் வைத்த லாக் நட்டோடு. முதல் வாரத்தில் ஒருமுறை எல்லாவற்றையும் திரும்ப முடுக்க வேண்டும். புது கேரியர் கட்டாயம் கொஞ்சம் உட்காரும். கேரியர் பின் இண்டிகேட்டரையும் நம்பர் பிளேட்டையும் மறைக்காமல் அடிக்கச் சொல்லுங்கள்.

கட்டுவதற்குப் பழைய டியூபைக் கிழித்த ரப்பர் கயிறுதான் எல்லோர் கையிலும் இருக்கிறது. இறுக்கிப் பிடிக்க நல்லது. ஆனால் அதை மட்டும் நம்பினால் ஒவ்வொரு குழியிலும் சரக்கு மேலே எம்பி இறங்கும். அந்த இறங்கும் அடிதான் சக்கரத்தின் போக்ஸ் கம்பியை முறிக்கிறது. நைலான் கயிற்றால் அசையாமல் கட்டி, அதன் மேல் ரப்பரைப் போடுங்கள். மிச்சம் தொங்கும் கயிற்று நுனியைச் செருகி விடுங்கள். செயினிலோ போக்ஸிலோ அது மாட்டினால் பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். சைலன்சர் பக்கம் பிளாஸ்டிக் சாக்கு தொங்கினால் உருகி ஒட்டும். பால் கேன், தண்ணீர் டிரம் எதுவானாலும் அரைகுறையாக நிரப்பி ஏற்றாதீர்கள். வளைவில் உள்ளே தண்ணீர் ஒதுங்குகிற இழுப்பு, எடை அதிகமான முழு டிரம்மைவிட மோசம்.

இனி எது எப்போது போகும் என்பது. பின் போக்ஸ் கம்பிதான் வரிசையில் முதல். சக்கரத்தின் நடு ஹப்பில் மாட்டுகிற வளைவில் முறியும். முறிவதற்கு முன் தளரும்; மெதுவாகப் போகும்போது ‘டிக் டிக்’ என்று கேட்கும். வாரம் ஒருமுறை ஸ்டாண்ட் போட்டு, ஸ்பானரால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டிப் பாருங்கள். இறுகிய கம்பி கணீரென்று சொல்லும், தளர்ந்தது மந்தமாக. ஒன்று முறிந்ததும் அதன் பாரம் பக்கத்துக் கம்பிகளுக்குப் போகும் என்பதால் ஒன்றோடு நிற்காது. முறிந்ததை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பதைவிட, இரண்டாவது முறிந்ததும் முழு செட்டாகத் தடித்த கம்பி போட்டு, கோட்டம் எடுத்து, சில நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் திரும்ப ஒருமுறை முடுக்குவதே சிக்கனம்.

அடுத்தது செயினும் அது ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டும். இங்கே நிறைய மெக்கானிக்குகள் வெறும் வண்டியில் அளவு வைத்துக் கொடுத்துவிடுவார்கள். லோடு ஏறி ஷாக் அமுங்கும்போது செயினின் தொய்வு குறையும். வெறும் வண்டியிலேயே இறுக்கமாக வைத்தால் லோடில் விண்ணென்று நின்று, முன் ஸ்ப்ராக்கெட் ஷாஃப்ட் பேரிங்கையும் வீல் பேரிங்கையும் சேர்த்துத் தின்னும். வழக்கமான லோடை ஏற்றி ஆள் உட்கார்ந்த நிலையில் விரலால் அழுத்திப் பார்த்து, அப்போதும் கொஞ்சம் தொய்வு இருக்கும்படி வையுங்கள்.

பின் ஷாக்குக்கு கூடுதல் ஸ்பிரிங் விற்கிறார்கள். போட்டால் வண்டி தாழாது, அது உண்மை. ஆனால் ஷாக் வாங்க வேண்டிய அடி கேரியர் போல்ட்டுக்கும் ரிம்முக்கும் போகிறது. எப்போதும் லோடோடு மட்டுமே ஓடுகிற வண்டிக்குச் சரி, காலையில் லோடு மாலையில் குடும்பம் என்றால் வேண்டாம்.

காற்று விஷயத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். லோடு வண்டிக்குக் காற்று குறைவாக இருந்தால் டயரின் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடாகி வெடிப்பு விடும், டியூப் வாய்ப்பகுதியில் கிழியும். புத்தகத்தில் டபுள்ஸுக்குப் போட்டிருக்கும் அளவைப் பின் டயருக்கு வையுங்கள். அதற்கு மேல் ஏற்றினாலும் டயரில் அச்சடித்திருக்கும் உச்ச அளவைத் தாண்டாதீர்கள். 6 பி.ஆர். (பிளை ரேட்டிங், டயரின் பலத்தைக் காட்டும் அளவு) டயருக்குப் பதில் மலிவாகக் கிடைக்கிறது என்று 4 பி.ஆர். போடுவது வீண் செலவு.

கிளட்ச் ஒரு தனிக் கதை. ஹனோய் தெருக்களில் கூண்டு கூண்டாகச் சுமந்து போகும் ஹோண்டா டிரீம், வேவ் வண்டிகளிலும் கிளட்ச் லீவர் கிடையாது. ஆனால் 4 கியர் உண்டு, மேட்டில் முதல் கியரைப் போட்டு ஊர்ந்துவிடலாம். எக்ஸ்.எல்லில் ஒரே கியர். மேட்டில் வேகம் குறையக் குறைய கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கும். எஞ்சின் கத்தும், வண்டி நகராது, கருகல் வாடை வரும். கிளட்ச் ஆயிலில் நனைந்தே ஓடுவதால் அந்தச் சூடும் தேய்மானத் தூளும் நேராக ஆயிலில் இறங்கும். மேட்டுக்கு முன்பே வேகம் எடுத்துக்கொள்ளுங்கள், நடுமேட்டில் நிறுத்தாதீர்கள். நின்றுவிட்டால் இறங்கி, தள்ளிக்கொண்டே லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுங்கள். ஆயிலைப் புத்தகத்தில் சொன்ன கிலோமீட்டரில் பாதியிலேயே மாற்றிவிடுவது லோடு வண்டிக்கு நல்லது. மேம்பாலமும் மலைப்பாதையும் அதிகம் உள்ள ஊரில் கனமான லோடுக்கு இந்த வண்டியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இறக்கத்திலும் இதே குறை. கீழ் கியர் போட்டு எஞ்சினால் பிடிக்க வழியில்லை, எல்லாம் டிரம் பிரேக்தான். 65 கிலோ சரக்கோடு மொத்தம் 216 கிலோ, 40 கி.மீ. வேகத்தை 50 ஆக்கினால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது. நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து பிடித்துக்கொண்டே வந்தால் பிரேக் ஷூ சூடாகிப் பிடிப்பு குறையும். விட்டு விட்டுப் பிடியுங்கள். 2019-க்குப் பிறகு வந்த வண்டிகளில் பின் பிரேக்கைப் பிடித்தால் முன்னாலும் சேர்ந்து பிடிக்கும். ஆனால் பின்பாரத்தால் முன் சக்கரம் லேசாகியிருந்தால் அந்த வசதியால் பெரிய பயன் இல்லை. 35, 40-க்கு மேல் போக வேண்டாம் என்பது என் கருத்து.

எடையே இல்லாத லோடும் உண்டு. பிளாஸ்டிக் குடம், கூடை, பாய், பஞ்சுத் தலையணை. மொத்தமே 20 கிலோ இருக்காது, ஆனால் வண்டியின் மூன்று மடங்கு அகலம். ஒரு சதுர மீட்டர் பரப்பு 40 கி.மீ. வேகத்தில் காற்றை எதிர்க்கவே கிட்டத்தட்ட 1 குதிரைத்திறன் வேண்டும். மொத்தம் இருப்பதே 4.3. அதைவிட ஆபத்து பக்கக் காற்று. எதிரே பஸ்ஸோ லாரியோ கடக்கும்போது முதலில் வெளியே தள்ளும், கடந்ததும் உள்ளே இழுக்கும். குடங்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக் குறுக்கி, காற்று புக இடைவெளி விட்டு வலையில் கட்டுவது, தார்ப்பாய் போட்டு மூடுவதைவிட நல்லது.

பின்பாரம் ஏறியதும் முன்பக்கம் தூக்கி, ஹெட்லைட் எதிரே வருகிறவரின் கண்ணுக்குப் போய்விடும், நம் சாலை இருட்டாகும். விடியற்காலை மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் லோடோடு சுவர் முன் நிறுத்தி, லைட்டைக் கொஞ்சம் கீழே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கேரியரின் பின் மூலைகளில் சிவப்பு ரிஃப்ளெக்டர் டேப் ஒட்டுங்கள்.

சட்டம்: டூவீலரில் பெட்டி வைக்க 2020-ல் மத்திய அரசு அளவு வைத்தது, நீளம் 550, அகலம் 510, உயரம் 500 மி.மீ. பின் சீட் இடத்தில் பெட்டி வைத்தால் ஓட்டுபவர் மட்டுமே போகலாம். நடைமுறையில் நாம் அடிக்கிற கேரியர்களில் பாதி இதற்குள் அடங்காது என்பது தெரிந்தே எழுதுகிறேன்.

மைலேஜ் வெறும் வண்டியில் 55 முதல் 60 வரை வந்தால் முழு லோடில் 45 பக்கம் எதிர்பாருங்கள். திடீரென்று அதற்கும் கீழே இறங்கினால் எஞ்சினைத் திறக்கும் முன் பின் பிரேக் ஒட்டுகிறதா, காற்று இருக்கிறதா, கிளட்ச் வழுக்குகிறதா என்று அந்த வரிசையில் பாருங்கள்.

தினமும் 100 கிலோவுக்கு மேல், ஒரே இடத்துக்கு, பத்து கிலோமீட்டருக்கு மேல் என்றால் கணக்கு மாறிவிடுகிறது. போக்ஸ், ஷூ, செயின், டயர் என்று பின்பக்கச் செலவை மாதக் கணக்கில் எழுதிப் பாருங்கள். நாலு பேர் சேர்ந்து ஒரு குட்டியானை வாடகை பேசுவது பல நேரம் மலிவாக இருக்கும். தெருத்தெருவாக, சந்துசந்தாக, பத்துப் பதினைந்து வீட்டில் நிறுத்தி நிறுத்தி இறக்குகிற வேலைக்கு எக்ஸ்.எல்லே போதும்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் கேரியர் போட்டு எடுத்த தடம் இருக்கிறதா என்று பின் ஷாக் மேல் போல்ட் துளையைப் பாருங்கள். துளை முட்டை வடிவமாக விரிந்திருந்தாலோ, சேஸிஸில் புதுப் பெயின்ட் திட்டு இருந்தாலோ, விலை எவ்வளவு குறைத்தாலும் விட்டுவிடுங்கள். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் ‘டொக்’ என்று நின்றால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) போயிருக்கிறது. அது மாற்றக்கூடிய செலவுதான், விலையில் கழித்துக்கொள்ளலாம்.